எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல்

கோபத்தில் செய்த சத்தியம் கோபம் இறங்கிய பிறகும் வீட்டைவிட்டுப் போவதில்லை. கிளம்ப மறந்த விருந்தாளியைப் போல மூலையில் உட்கார்ந்து நம் சோற்றையே தின்றுகொண்டிருக்கும். என் வீட்டில் அப்படி ஒன்று பதினான்கு மாதம் உட்கார்ந்திருந்தது.

என் ஒரே மகள் போன வருடம் ஜூலையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அபிசாய் என்கிற பையனோடு படகேறிப் போய்விட்டாள். வடக்குத் தீவுக்காரன், நல்ல உழைப்பாளி என்று பிறகு நாலு பேர் சொன்னார்கள். அன்றைக்கு அதையெல்லாம் கேட்கிற காது எனக்கு இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து ஊர்ச்சனம் மொத்தமும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் எழுந்தேன். எங்கள் ஃபிஜி வழக்கப்படி பையன் வீட்டார் திமிங்கலப் பல்லை ஏந்தி வந்து மன்னிப்புக் கேட்டாலும், நான் என் வாயால் சரி என்று சொல்லாமல் எங்கள் வீட்டார் ஒருவரும் அதைத் தொடக் கூடாது என்றேன். அவள் பெயர் இனி என் வீட்டில் கேட்கக் கூடாது என்றும் சொன்னேன். என் மனைவி உயிரோடு இருந்திருந்தால் அவித்த மரவள்ளிக் கிழங்கை என் வாயில் திணித்து உட்கார வைத்திருப்பாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. என் அண்ணன் மோசேசே மட்டும் தலை குனிந்தபடி மெதுவாகச் சொன்னார்.

"இசிகேலி, வாய் உன்னோடது. நாளைக்கு அதைத் திறக்க வேண்டியவனும் நீதான்."

மூன்று மாதம் கழித்து எங்கள் வேளாண்மைத் துறை என்னைக் காளான் வளர்ப்புப் பயிற்சிக்குத் தென்சீனத்துக்கு அனுப்பியது. அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரி ஏற்கெனவே போய் வந்தவள். அங்கே நம் மெசஞ்சர், ஃபேஸ்புக், மின்னஞ்சல் எதுவும் திறக்காது என்றும், வி.பி.என். என்று ஒன்றைப் போனில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். அதுவும் இங்கேயே, விமானம் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டுமாம். அங்கே இறங்கிய பிறகு தேடினால் கிடைக்காதாம். நம் போனிலிருந்து கிளம்புவதையெல்லாம் உறையில் போட்டு ஒட்டி, வேறு நாட்டில் இருக்கும் ஒரு கணினிக்கு அனுப்பி, அங்கே பிரித்து உரிய இடத்துக்குச் சேர்க்கிற ஏற்பாடு அது. நடுவில் நிற்பவனுக்கு உறை தெரியும், உள்ளே இருக்கும் கடிதம் தெரியாது. விடுதியின் பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறந்தாலும் பயமில்லை என்றாள். எந்த நாட்டுக் கணினியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த நாட்டில் நாம் இருப்பதாகவே உலகம் நம்புமாம்.

ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் வேண்டுமா என்று முனகிக்கொண்டே நந்தி விமான நிலையத்தில் உட்கார்ந்து வாங்கினேன். இரண்டு வருடச் சந்தா. ஒரே சமயத்தில் ஆறு போன்கள் இணையலாம் என்றது. கடவுச்சொல் கேட்டது. எட்டெழுத்துக்குக் குறையக் கூடாது, எண்ணும் கலந்திருக்க வேண்டும் என்று சட்டம் பேசியது. கதவை மூடப்போகிறோம் என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. அவசரத்தில் விரல் தனக்குத் தெரிந்ததை அடித்துவிட்டது. என்ன அடித்தது என்பதை அப்புறம் சொல்கிறேன். எனக்கே அது இருக்கையில் உட்கார்ந்து பட்டையை மாட்டிய பிறகுதான் உறைத்தது. மாற்றலாம் என்று நினைத்தேன். மாற்றவில்லை.

ஊர் திரும்பியதும் கெரேகெரே ஆரம்பித்தது. எங்களில் ஒருவன் இன்னொருவனிடம் 'எனக்கு வேண்டும், கொடு' என்று கேட்பதற்குத்தான் அந்தப் பெயர். இல்லை என்று சொல்ல எங்கள் மொழியில் வார்த்தை உண்டு. சொந்தக்காரனிடம் அதைச் சொல்கிற நாக்குதான் கிடையாது. முதலில் கேட்டவன் டெவிட்டா, லிட்டியா அக்காவின் மகன். எங்கோ ஒரு பாலைவனத்தில் அமைதிப்படையில் காவல் நிற்கிறான். எங்கள் நாட்டு ரக்பி ஆட்டங்களை இணையத்தில் ஓசியில் காட்டுகிறார்கள், ஆனால் நாட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். வி.பி.என்.னில் ஃபிஜி என்று தேர்ந்தெடுத்தால் பாலைவனத்துக் கூடாரமும் சுவா நகரத்துக்கு வந்துவிடும். அக்கா மகன் தாய்மாமனிடம் கேட்டால் கட்டியிருக்கும் பன்றியையே அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு கடவுச்சொல் எம்மாத்திரம்?

கொடுத்தேன். பிறகு நியூசிலாந்தில் நர்ஸாக இருக்கும் பெரியப்பா மகள் கேட்டாள். கப்பலில் சமையல்காரனாக இருப்பவன் கேட்டான். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துக்குத் தக்காளி பறிக்கப் போன பயல்கள் கேட்டார்கள். நான் கொடுத்தது ஆறேழு பேருக்குத்தான். அவர்களிடமும் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவர்களுக்கும் நாக்கு இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர்ப் பாதிரியாரின் மைத்துனர் சிட்னியிலிருந்து எனக்கு நன்றி சொன்னபோதுதான் விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். யார் கேட்டாலும் நான் அந்தக் கடவுச்சொல்லை வாயால் சொன்னதில்லை. தாளில் எழுதிக் கொடுப்பேன், அல்லது செய்தியில் தட்டிவிடுவேன். வாங்கியவர்கள் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

இந்த வருடம் ஜூலையில் அபிசாய் வீட்டார் சொல்லியனுப்பினார்கள். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை பல்லோடு வருகிறார்களாம். மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். பிள்ளை பிறப்பதற்குள் மன்னிப்பு முடிந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளை தாய்வீட்டு உரிமை இல்லாமல் பிறக்கும். எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய வறுமை கிடையாது. அதே வாரம் துறையில் இரண்டாம் கட்டக் காளான் பயிற்சிக்கு ஆள் கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சரி என்று சொல்லிவிட வேண்டும் என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. ஆனால் ஒரே பாயில் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. அதனால் ஒரு சமுத்திரம் தாண்டி ஓடினேன். அண்ணனிடம், மெசஞ்சரில் முகம் காட்டிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என்னை நம்பாத மாதிரி பார்த்தார்.

"ஊர் முன்னாடி வாயால கட்டின முடிச்சு, வாயாலதான் அவிழணும். நீ பேசலேன்னா நான் பல்லைத் தொட மாட்டேன். வேண்டாம்னு சொன்னதாத்தான் அவங்க எடுத்துப்பாங்க."

எங்கள் ஊரில் செல்பேசிக் கோபுரம் கிடையாது. பள்ளிக்கூடக் கூரைமேல் இருக்கிற செயற்கைக்கோள் தட்டு ஒன்றுதான் வெளியுலகத்துக்கு வழி. சாதாரணப் போன் போட்டு அண்ணனைப் பிடிக்க முடியாது. இணையத்தில்தான் பிடிக்க முடியும். சீனத்திலிருந்து இணையம் என்றால் எனக்கு வி.பி.என்.தான்.

என்னோடு பயிற்சிக்கு வந்தவன் விலிசோனி. அத்தை மகன், எனக்கு மச்சான் முறை. எங்களில் மச்சான்மார் ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லித் திட்டலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த உரிமையை அவன் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. சொந்தமாக வி.பி.என். வாங்கினாயா என்று கேட்டதற்கு, நீ எதற்கு இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு என் கணக்கிலேயே நுழைந்துகொண்டான்.

இரண்டு வாரம் நன்றாகவே போனது. காலையில் கண் விழித்ததும் சிட்னி என்று தட்டுவோம். போன் சிட்னிக்குப் போய்விடும். அங்கே கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு விளம்பரம் வரும். விலிசோனி ஒரு நாள் லண்டன், ஒரு நாள் சிங்கப்பூர் என்று மாற்றி மாற்றித் தட்டுவான். எங்களைவிட எங்கள் போன்கள் நிறைய ஊர் பார்த்துவிட்டன என்பான். மூன்று வேளையும் காளான். கஞ்சியில் காளான், நூடுல்ஸில் காளான், ஒரு நாள் இனிப்பிலும் காளான். இரவு படுக்கும்போது நான் சொல்ல வேண்டிய முறைப்படியான பேச்சை மனப்பாடம் செய்வேன். சபையை வணங்கி, இரு வீட்டு முன்னோர்களையும் விளித்து, பல்லை ஏற்பதாகச் சொல்லி முடிக்கிற பேச்சு. விலிசோனி பக்கத்துக் கட்டிலிலிருந்து பிழை திருத்துவான்.

அந்தச் சனிக்கிழமை காலை எங்களைப் பேருந்தில் ஏற்றி ஒரு காளான் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சிக்னல் இல்லை, வி.பி.என். தானாக அறுந்துவிட்டது. பரவாயில்லை, பதினொன்றரைக்கு விடுதிக்கு வந்துவிட்டோம். எங்கள் ஊரில் அப்போது பிற்பகல் மூன்றரை. நாலு மணிக்குச் சடங்கு. நான் குளித்து, கோடு போட்ட சட்டையைப் போட்டு, இடுப்பில் எங்கள் வேட்டியான சூலுவைக் கட்டி, கட்டிலை ஒதுக்கித் தரையில் ஒரு போர்வையை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். போனைத் தேநீர்க் குடுவையில் சாய்த்து வைத்தேன். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வி.பி.என்.னைத் தட்டினேன்.

ஆறு கருவிகள் ஏற்கெனவே இணைந்துள்ளன, ஒன்றைத் துண்டித்துவிட்டு மீண்டும் முயலவும் என்றது.

திரும்பத் தட்டினேன். அதையே சொன்னது. விலிசோனி தன் போனில் தட்டினான். அவனுக்கும் அதே பதில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"மச்சான், இன்னிக்குப் பள்ளிக்கூட ரக்பி ஃபைனல்."

மூன்றரைக்கு ஆட்டம் ஆரம்பித்திருக்கும். பாலைவனத்தில் டெவிட்டா, ஆக்லாந்தில் நர்ஸ், கப்பலில் சமையல்காரன், தக்காளித் தோட்டத்துப் பயல்கள். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற என் சொந்தம் மொத்தமும் அந்த ஒரு மணி நேரம் ஃபிஜியில் இருந்தது. சந்தா கட்டிய நான் மட்டும் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

"உன் பாஸ்வேர்டை ஊருக்கே தானம் பண்ணினியே, தர்மப்பிரபு. இப்ப உனக்கே உட்கார இடம் இல்ல" என்றான் விலிசோனி.

"நீயும்தானே ஓசியில வந்த?"

"நான் வந்தேன், ஆனா இப்ப நானும் வாசல்லதான் நிக்கறேன். உள்ள உட்கார்ந்திருக்கிறவனுங்களைத் திட்டு."

யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் நீக்கவும் நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்குப் போக வேண்டும். அந்தப் பக்கம் அங்கே வி.பி.என். இல்லாமல் திறக்காது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை.

மிச்சமிருந்தது சாதாரணப் போன். சுவாவில் இருக்கும் லிட்டியா அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. அன்று இறுதி ஆட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது அவளுடைய பள்ளி. எட்டாயிரம் பேர் கூச்சலில் போன் மணி எங்கே கேட்கும்? மூன்றாம் தடவை எடுத்தாள். எங்களில் தம்பி அக்காவிடம் குரல் உயர்த்த மாட்டான். விளையாட்டுக்குக்கூடப் பேச மாட்டான். என் ஆயுளில் முதல்முறையாக அன்று அக்காவிடம் கத்தினேன். கத்தாவிட்டால் அவளுக்குக் கேட்காது.

விஷயத்தைப் புரிந்துகொண்டதும் அவள் குடும்பக் குழுவில், ஒரு ஆள் உடனே வி.பி.என்.னிலிருந்து இறங்குங்கள், மாமாவுக்கு இடம் வேண்டும் என்று எழுதிப் போட்டாள். அண்ணனுக்கும் நிலைமையை எழுதினாள். தம்பிக்காக நானே சரி சொன்னால் போதுமா என்று அவள் கேட்டதற்கு, வாய் இசிகேலியுடையது என்று அண்ணனிடமிருந்து பதில் வந்ததாம். கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தார். ஐந்து மணிக்கு நீர் வற்றிவிடும். அதற்கப்புறம் பவளப்பாறை இடைவெளியில் படகு போகாது. பல்லை ஏற்காத வீட்டில் வந்தவர்கள் சாப்பிடவும் முடியாது, இரவு தங்கவும் முடியாது. ஆகவே ஐந்துக்கு முன் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

பன்னிரண்டு பத்து. டெவிட்டா நல்ல பிள்ளை. நான் இறங்கிவிட்டேன் மாமா என்று உடனே எழுதினானாம். அக்கா போனில் சொன்ன அதே நொடி தட்டினேன். ஆறு கருவிகள் இணைந்துள்ளன என்றது. வெளியே காத்திருந்த வேறு எவனோ அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டான். கப்பல்காரன் இறங்கினான், அந்த இடமும் போனது. நர்ஸ் இறங்கினாள். குழுவில் இல்லாத சொந்தங்கள், சொந்தத்தின் சொந்தங்கள், யாரென்றே தெரியாத புண்ணியவான்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் மரியாதையாக எழுந்து இடம் விட விட, அந்த இடம் எனக்கு வந்து சேரவே இல்லை.

பன்னிரண்டு இருபதுக்கு விலிசோனி ஒரு யோசனை சொன்னான். அக்காவிடம் பள்ளிக்கூடப் போன் ஒன்றும் இருந்தது. அதில் அண்ணனை மெசஞ்சரில் கூப்பிட்டு, என் குரல் வருகிற போனை அதனோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னோம். பிடித்தாள். நான் தொண்டை கிழியச் சபையை வணங்கினேன். அந்தப் பக்கம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் கேட்டது ஒரு விளையாட்டரங்கத்தின் கூச்சல் மட்டும்தான். யாரது இப்படிச் சத்தம் போடுவது, இசிகேலி குடித்திருக்கிறானா என்று அண்ணன் கேட்டாராம்.

பன்னிரண்டு இருபத்தெட்டு. நான் போர்வையில் உட்கார்ந்தபடி அழ ஆரம்பித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, அழுதேன். பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியதைத் தூரத்தில் போய் நின்று பார்க்க ஆசைப்பட்டேன். இப்போது அதுவும் இல்லை. எனக்காக ஒரு குடும்பம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. அதில் என் பிள்ளை வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் படகேறப் போகிறாள். விலிசோனி சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையிலிருந்த போனைப் பிடுங்கினான்.

"அக்கா, பாஸ்வேர்டையே மாத்திடுங்க. மாத்தினா எல்லாப் பயலும் ஒரேயடியா வெளிய விழுவான்."

அவள் இருக்கிற இடத்திலிருந்து நிறுவனத்தின் பக்கம் திறக்கும். ஏன் இதை முதலிலேயே யோசிக்கவில்லை என்று கேட்காதீர்கள். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவது எங்கள் ரத்தத்தில் இல்லை. அது ஒரு வழியாகவே எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அக்கா உட்கார்ந்திருந்தது சிறப்பு விருந்தினர் வரிசை. ஆட்டம் முடிய மூன்று நிமிடம். இரு அணியும் சமம். அவள் எழுந்து, இரண்டு போனோடும் படிக்கட்டு வழியாக இறங்கி, சுவர் ஓரமாகப் போய் நின்றாள். சத்தம் கொஞ்சம் குறைந்தது. பழைய கடவுச்சொல்லை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறினேன்.

"அதை நீ சொல்ல வேணாம் தம்பி. அது தெரியாத ஆள் நம்ம குடும்பத்துல யாரு? புதுசு என்னன்னு சொல்லு."

இப்போது உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பழைய கடவுச்சொல் என் மகளின் பெயர். பின்னால் அவள் பிறந்த வருடம். வீட்டில் கேட்கக் கூடாது என்று நான் சபையில் சொன்ன பெயரைப் பாலைவனத்திலும் கப்பலிலும் தக்காளித் தோட்டத்திலும் ஒரு வருடமாக எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட அதைப் பற்றி என்னிடம் வாயைத் திறந்ததில்லை.

புதுசு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. என் மனைவி பெயர், ஊர் பெயர், எது வைத்தாலும் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். விலிசோனி குனிந்து என் போனுக்குள் தானே சொன்னான்: இசிகேலி கிழட்டுப் பன்றி, ஒன்று இரண்டு மூன்று. தலைமையாசிரியை எழுத்துக்கூட்டலை ஒரு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பிறகு எழுத்து எழுத்தாக அடித்தாள்.

எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றவா என்று அது கேட்டதாம். ஆம் என்று அமுக்கினாளாம். அதே கணத்தில் அவளுக்குப் பின்னால் அரங்கம் வெடித்தது. அவள் பள்ளிப் பையன் ஒருவன் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டான். நாற்பத்தோரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிக்குக் கோப்பை. அதை அவள் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். உலகத்தின் பல மூலைகளில் எங்கள் சொந்தங்களும் பார்க்கவில்லை. எல்லோர் திரையும் ஒரேயடியாகச் செத்தது. அந்தக் கடைசி இரண்டு நிமிடத்துக்காக இன்றுவரை என்னைத் திட்டுகிறார்கள்.

நான் புதுக் கடவுச்சொல்லை அடித்தேன். என்னை நானே கிழட்டுப் பன்றி என்று எழுதியபோது அதில் எழுத்துப்பிழைகூட வரவில்லை. சிட்னி என்றது. இணைந்தது. மெசஞ்சரைத் திறந்து அண்ணனைக் கூப்பிட்டேன். மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு.

அண்ணன் வீட்டுக் கூடம் தெரிந்தது. பாய் விரித்திருந்தது. அபிசாய் வீட்டார் பதினைந்து பேர் இருப்பார்கள், எல்லோருடைய தலையும் குனிந்திருந்தது. முன்னால் அபிசாயின் பெரியப்பா முழங்காலிட்டு, இரண்டு கையாலும் பல்லை ஏந்திப் பிடித்திருந்தார். எழுபது வயது இருக்கும். ஏந்தியதைக் கீழே வைக்கக் கூடாது. நாலு மணியிலிருந்து அப்படியே இருக்கிறார். அவர் கை நடுங்கியதில் பல்லில் கட்டியிருந்த கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நான் செத்துப் பிழைத்தேன்.

இரண்டு வாரம் மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு சொல்கூட வரவில்லை. சபையும் வரவில்லை, முன்னோர்களும் வரவில்லை.

"வேனியானா" என்றேன்.

கூடத்தில் யாரும் அசையவில்லை. பின்னால், கதவருகே, பெண்கள் உட்காரும் பக்கத்தில் ஒரு தலை மட்டும் நிமிர்ந்தது. முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. அவள் அம்மாவுக்கும் ஏழாம் மாதத்தில் அப்படித்தான் இருந்தது.

"அண்ணா, பல்லை வாங்கிக்கோங்க. தப்பு என்னுது. அந்தப் பெரியவரை முதல்ல எழுப்பி உட்கார வைங்க."

அண்ணன் முன்னால் நகர்ந்து பல்லை வாங்கிக்கொண்டார். இரு பக்கத்தாரும் கையைக் குவித்துத் தட்டினார்கள். விலிசோனியும் என் பின்னால் மண்டியிட்டுத் தட்டினான். அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. சடங்குப் பானமான யாங்கோனாவைக் கரைக்கத் தொடங்கினார்கள். யாரும் படகைப் பற்றிப் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் போனை அவளிடம் கொடுத்தார். சாப்பிட்டாயா என்றேன். இனிமேல்தான் என்றாள். நீங்கள் என்று கேட்டாள். காளான் என்றேன். அதற்குச் சிரித்துவிட்டாள். பிறகு என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் அப்படிப் பேசினதுக்கப்புறமும் எந்த தைரியத்துலம்மா வந்தீங்க?"

அவள் அபிசாயைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அவர் மார்ச்சுல குவீன்ஸ்லாந்துக்குத் தக்காளி பறிக்கப் போனார்ப்பா. அங்க யாரோ ஆட்டம் பார்க்க ஒரு பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்திருக்காங்க. ராத்திரி எனக்குப் போன் பண்ணினார். உங்கப்பா பாஸ்வேர்டு எனக்கும் வந்துடுச்சு, அது நீதான்னார்."

நான் போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"அன்னிக்குத்தான் வரலாம்னு முடிவு பண்ணோம்."

அவள் தோளுக்குப் பின்னால் அபிசாய் குனிந்த தலையோடு ஏதோ கிசுகிசுத்தான். அவள் முழங்கையால் அவனைத் தள்ளினாள். என்னவாம் என்றேன்.

"இப்ப மாத்திட்டீங்களாமே. புதுசு என்னன்னு கேக்கறார்."

பின்னால் விலிசோனி போர்வையில் புரண்டு சிரித்தான். மாப்பிள்ளையிடம் போய் அதை எப்படிச் சொல்வது? இல்லை என்று சொல்லவும் நாக்கு கிடையாது.

"பழசையே திரும்ப வெச்சுடறேன்மா" என்றேன்.

அன்று மாலையே லிட்டியா அக்காவைச் சாதாரணப் போனில் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். என்ன வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தெரியாதவள் போலக் கேட்டாள். நான் வாயால் சொன்னேன், ஒவ்வோர் எழுத்தாக.